கவனக்குறைவு என்னும் குற்றச்சாட்டு

நீண்ட பதிவு. பொறுத்து வாசிக்க இயலுவோர் வாசிக்கவும். இயலாதோரைக் கவனமற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். ஏன் சொல்லமாட்டேன் என்பதே இப்பதிவின் பொருள்.

சென்ற வாரம், தில்லியில் நான் ஆய்வு செய்யும் நிறுவனத்தில், ஆய்வு மாணவர்களுக்கென ஒரு பயிலரங்கு நடந்தது. 'அன்றாட வேலையில் முழுக்கவனம்' என்பது தலைப்பு. வருகைப் பதிவு கட்டாயம். பயிற்றுநர் ஆளுக்கோர் உலர்திராட்சை கொடுத்தார். அதைக் கையில் வைத்துப் பார்க்கவும், முகரவும், பிறகு நாவிலிட்டு நிதானமாகச் சுவைக்கவும் சொன்னார். கவனம் என்பது ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்ளும் தெரிவு என்றும், சிதறுவதும் ஒருவகைத் தெரிவே என்றும் விளக்கினார். அவ்வேளையில் அரங்கின் வாயிலோரம் நாற்காலியில் அமர்ந்திருந்த காவலாளியின் தலை மெல்லக் கவிழ்ந்தது. பயிற்றுநர் அவரைச் சுட்டிக்காட்டி, "உடல் இங்கே, மனம் எங்கோ. நாம் வெல்ல வேண்டிய நோய் இதுதான்" என்றார். அரங்கு சிரித்தது. நானும் சிரித்தேன்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் ஒப்பந்தக் காவலாளி. முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குப் பணிக்கு வந்தவர். காலை எட்டு மணிக்கு அவரை விடுவிக்க வேண்டியவர் வரவில்லை. வேறு ஆள் அனுப்பப்படவும் இல்லை. எனவே பகல் காவலும் அவர் தலையிலேயே விழுந்தது. நாங்கள் சிரித்தபோது பிற்பகல் மூன்று மணி. அவருடைய பணியில் பத்தொன்பது மணி நேரம் முடிந்திருந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஐயா மேலே எழுதிக் கொடுத்துவிடுவாரா?" பணியில் உறங்கினால் ஒரு நாள் கூலி பிடித்தம்.

அன்றிரவு முழுவதும் அந்தச் சிரிப்பு என்னை அறுத்தது. அதற்கான கழுவாயாக மட்டும் இதை எழுதவில்லை. அந்த அரங்கில் கற்பிக்கப்பட்டது பிழையான பாடம் என்று கருதுவதால் எழுதுகிறேன்.

கவனத்தை ஓர் ஒழுக்கமாகவும், அதன் இன்மையைத் தனிமனிதக் குறையாகவும் கற்பிக்கும் வழக்கம் நம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் வேகமாகப் பரவிவருகிறது. என் வாதம் இதற்கு நேர் எதிரானது. வேலையில் செலுத்தப்படும் கவனம் உறக்கத்தாலும் உணவாலும் ஓய்வாலும் தெளிவான விதிகளாலும் போதிய ஆட்களாலும் விளைவது. அவற்றைத் தர மறுக்கும் நிர்வாகம் கவனத்தைப் போதிக்கும்போது, தான் தரவேண்டியதைத் தொழிலாளியின் கடனாக எழுதி வைக்கிறது.

என் ஆய்வுப் பொருள் இந்திய ரயில்வேத் தொழிலாளரின் பணிநேரம். ஆகவே எனக்குத் தெரிந்த களத்திலிருந்தே சான்று தருகிறேன். நம் கவனம் பிசகினால் கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு தவறும். என்ஜினில் இருப்பவரின் கவனம் பிசகினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. 'அன்றாட வேலையில் முழுக்கவனம்' என்ற தொடருக்கு முழுப்பொருள் கிடைக்கும் இடம் அதுவே.

அந்தக் கேபினுக்குள் கவனம் எப்படிக் காக்கப்படுகிறது என்று பாருங்கள். சிக்னல் கண்ணில் பட்டவுடன், லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லவேண்டும் என்பது ரயில்வேயின் பொதுவிதி. ஒருவர் கண்டதை மற்றவர் காதால் கேட்டு, தம் கண்ணால் சரிபார்த்துத் திருப்பிச் சொல்கிறார். ஜப்பானிய ரயில்வேயில் இதே வழக்கம் கையால் சுட்டிக்காட்டிச் சொல்லும் முறையாக நெடுங்காலமாக உண்டு. 1994-இல் அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஓர் எளிய பணியை வைத்து இதைச் சோதித்தது. சுட்டாமலும் சொல்லாமலும் செய்தபோது நூறு செயல்களுக்கு 2.38 ஆக இருந்த பிழை, சுட்டியும் சொல்லியும் செய்தபோது 0.38 ஆகக் குறைந்தது. கண்ணை மூடித் தனியே அமர்ந்து எய்திய கவனம் அன்று இது. கையும் குரலும் சேர்ந்து செய்யும் வேலைமுறை இது. நம் கேபின்களில் உடன் ஓர் ஆளும் அதில் சேர்கிறார்.

இதற்கும் மேலாக விழிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று உண்டு. ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஓட்டுநர் எந்தக் கருவியையும் இயக்கவில்லை என்றால் விளக்கு மின்னும். பிறகு ஒலி எழும். அதற்கும் மறுமொழி இல்லையெனில் பிரேக் தானாகவே விழும். நிமிடந்தோறும் 'விழித்திருக்கிறேன்' என்று தம் கையால் சொல்லிக்கொண்டே பணிசெய்யும் ஒருவருக்குக் கவனத்தின் அருமையை உலர்திராட்சை கொண்டு உணர்த்த வேண்டியதில்லை.

ஆனால் எந்த வேலைமுறைக்கும் உடல் என்றோர் எல்லை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் ரேடார் திரையைக் கண்காணித்தவர்கள், பார்வை நன்றாக இருந்தும், நேரம் செல்லச் செல்லக் குறிகளைத் தவறவிட்டனர். அதற்கான காரணத்தை ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த், 1948-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நொடிக்கு ஒருமுறை நகரும் முள் எப்போதாவது இருமடங்கு தாவும். அதைக் கண்டவுடன் தெரிவிக்க வேண்டும். இதுவே அவர் வகுத்த சோதனை. முதல் அரைமணி நேரம் கழிந்ததுமே தவறுகள் தெளிவாகக் கூடின. அவர்கள் சோம்பேறிகள் அல்லர்; பொறுப்பறியாதவர்களும் அல்லர். மாறாத காட்சியைத் தொடர்ந்து கண்காணிப்பது மனித மூளைக்குக் கடினம். அவ்வளவுதான்.

1997-இல் 'நேச்சர்' இதழில் டாசனும் ரீடும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் செயல்திறனுக்கு இணையாகச் சரிகிறது. இந்தியாவில் மோட்டார் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 விழுக்காடு. பணியேற்கும் ஒவ்வொரு லோகோ பைலட்டும் மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதிக் காட்டவேண்டும். மதுவின் வாடை இருந்தால் என்ஜினில் ஏற முடியாது. அது சரியான விதி. ஆனால் கடந்த மூன்று இரவுகள் எங்கே, எவ்வளவு நேரம் உறங்கினீர்கள் என்பதை அளக்கும் கருவி அந்த வாயிலில் இல்லை. மது அவருடைய குற்றம்; ஆகவே அளக்கிறோம். உறக்கமின்மை பணிப் பட்டியலின் விளைவு, ஆகவே அளப்பதில்லை.

இப்போது விபத்துகளுக்கு வருகிறேன்.

2024 ஜூன் 17 காலை, மேற்கு வங்கத்தின் ரங்கபாணி அருகே நின்றிருந்த காஞ்சன்ஜங்கா விரைவு ரயிலின் பின்புறம் ஒரு சரக்கு ரயில் மோதியது. இறந்தவர்களில் சரக்கு ரயிலின் ஓட்டுநரும் ஒருவர். அவர் சிக்னலை மதிக்கவில்லை என்று அன்றைய தினமே ரயில்வே வாரியத் தலைமை அறிவித்தது. உடல் எரியூட்டப்படும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பின்னர் வந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை வேறு கதை சொன்னது. அதிகாலை 5:50 முதல் அப்பகுதியின் தானியங்கி சிக்னல்கள் பழுதாகியிருந்தன. அவற்றைக் கடந்து செல்ல அந்த ஓட்டுநருக்கு எழுத்துமூல அனுமதி தரப்பட்டிருந்தது. தரப்பட்ட படிவமே தவறானது. எந்த வேகத்தில் செல்லவேண்டும் என்ற குறிப்பும் அதில் இல்லை. அன்று காலை அதே தடத்தில் சென்ற மற்ற ரயில்களின் ஓட்டுநர்களுள் பெரும்பாலோரும் விதித்த வேகத்தைக் கடைப்பிடிக்கவில்லை. அதாவது, விதி அவர்களுக்குத் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. ஒருவர் தவறினால் கவனக்குறைவு எனலாம். பலரும் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்தால் அதன் பெயர் நிர்வாகம்.

அதற்கு முன், 2023 அக்டோபர் 29 அன்று, ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்டத்தில் இரண்டு பயணிகள் ரயில்கள் மோதின. 14 பேர் இறந்தனர். 2024 மார்ச்சில் ரயில்வே அமைச்சர், ஓட்டுநரும் உதவியாளரும் அப்போது நடந்துகொண்டிருந்த கிரிக்கெட் ஆட்டத்தால் கவனம் சிதறினர் என்றார். நாடு நம்பியது. நானும் நம்பினேன். கைபேசி, கிரிக்கெட், பொறுப்பற்ற தொழிலாளி: கதைக்கு வேண்டிய அனைத்தும் அதில் இருந்தன. ஆனால் மாண்ட இருவரின் கைபேசிகளும் அந்நேரத்தில் பயன்பாட்டில் இல்லை என்று விசாரணை கண்டதாகப் பின்னர் செய்திகள் வந்தன. பழுதான சிக்னல்களை விதிப்படி கடக்காத தவறு ஓட்டுநர்கள்மீது உண்டு என்றும் அதே விசாரணை கூறியது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அத்தவறு வேறு. கிரிக்கெட் பார்த்தார்கள் என்பது வேறு. முதலாவதைச் சொன்னால், 'ஏன் அப்படிச் செய்தார்கள்?' என்ற கேள்வி எழும். இரண்டாவதைச் சொன்னால் எந்தக் கேள்வியும் எழாது. கவனக்குறைவு என்னும் குற்றச்சாட்டின் பயன் அதுவே. விசாரணையைத் தொடங்கும் இடத்திலேயே அது முடித்துவைக்கிறது.

இனித் தீர்வுகளாக வைக்கப்படுபவற்றைக் காண்போம். லோகோ பைலட்டுகள் தங்கும் ரன்னிங் ரூம்கள் குளிரூட்டப்பட்டுள்ளன என்றும், அங்கே யோகா, தியானம், கால் பிடித்துவிடும் கருவி ஆகியவை உண்டு என்றும் அரசு சொல்கிறது. நல்லது, குளிரூட்டிய அறையில் உறக்கம் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. கேபினுக்குள் குரலையும் அசைவையும் பதிவுசெய்யும் கேமரா வருகிறது. வடகிழக்கு எல்லை ரயில்வே, ஓட்டுநரின் கண்ணிமைப்பைக் கவனித்து உறக்கக் கலக்கத்தைக் கண்டறியும் கருவியை உருவாக்க முனைந்தது.

ஓட்டுநர்கள் கேட்டதோ வேறு. 2024 ஜூனில் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் போராடியது கேமராவுக்காக அன்று. ஒரு பணி முடிந்தபின் உரிய 16 மணி நேர ஓய்வோடு, வார ஓய்வான 30 மணி நேரத்தையும் சேர்த்து, 46 மணி நேரம் வேண்டும் என்றார்கள். தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் இரவுப்பணி வேண்டாம் என்றார்கள். உண்ணவும் இயற்கை உபாதை கழிக்கவும் இடைவேளை வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. 2025 ஏப்ரலில் ரயில்வே வாரியம் மறுமொழி தந்தது: அத்தகைய இடைவேளைகளை விதியாக்குவது சாத்தியமில்லை.

இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கண்ணிமைப்பை எண்ணக் கருவி செய்யலாம்; சிறுநீர் கழிக்க நேரம் ஒதுக்க இயலாது. அடிவயிறு வலிக்க அமர்ந்திருப்பவரிடம் இந்தக் கணத்தில் இரு என்று சொல்லவே வேண்டாம். அவர் அந்தக் கணத்தில்தான் இருக்கிறார். அதிலிருந்து விடுபடத்தான் அவருக்கு வழியில்லை.

எதிர்வாதங்களை அறிவேன். முதலாவது, பணிநேரம் குறைவே என்பது. 2024 ஜூனில் லோகோ பைலட்டுகளின் சராசரிப் பணிநேரம் 8 மணிக்கும் குறைவு என்று அமைச்சர் கூறினார். அந்த எண்ணை நான் ஐயுறவில்லை. சராசரி என்ற சொல்லை ஐயுறுகிறேன். ஒரு நாள் நான்கு மணி நேரமும் மறுநாள் பன்னிரண்டு மணி நேரமும் பணி செய்தவருக்கும் சராசரி எட்டுதான். பன்னிரண்டாவது மணி நேரத்தில், விடியலுக்கு முன் உடல் தன் இயல்பால் மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில், சிக்னலை நோக்கியிருப்பவருக்கு அந்தச் சராசரி எந்த உதவியும் செய்யாது.

இரண்டாவது வாதம் வலுவானது: அப்படியானால் தனிமனிதப் பொறுப்பு என்று ஒன்றுமே இல்லையா? எல்லாவற்றையும் 'அமைப்பு' மீது சுமத்திவிட்டு நாம் கைபேசியை உருட்டிக்கொண்டிருக்கலாமா? என்னைப் போன்ற ஆய்வாளர்களுக்கு இந்தக் கேள்வி வலிக்கவேண்டும், வலிக்கிறது. இப்பதிவை எழுதும்போதே நான்கு முறை வேறு பக்கம் தாவி மீண்டேன். அது என் தவறே. என்னை யாரும் பத்தொன்பது மணி நேரம் வாயிலில் அமர்த்தவில்லை. பொறுப்பு உண்டு. ஆனால் அது வசதியின் அளவுக்கு ஏற்ப உண்டு. உறங்கி எழுந்து, உண்டு, வேண்டும்போது எழுந்து நடக்க இயலும் எனக்கு அந்தப் பொறுப்பு மிகுதி. பணிப் பட்டியலைத் தீட்டும் அதிகாரிக்கு இன்னும் மிகுதி. வரிசையின் கடைசியில் இருப்பவருக்கு மட்டும் முழுப்பொறுப்பையும் தருவதுதான் நடைமுறையாக இருக்கிறது.

மூன்றாவதாகச் சிலர், இது தொன்மையான பௌத்த ஞானம், இதைப் பழிக்கலாமா என்பர். பழிக்கவில்லை. இன்று பயிலரங்குகளில் புழங்கும் வடிவம், ஜான் கபட்-சின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தீராத வலியால் துன்புற்ற நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியிலிருந்து வந்தது. வலியோடு வாழவேண்டியவருக்கு அது ஆறுதல் அளித்திருக்கிறது. வலியைத் தந்துகொண்டிருப்பவரே அதை மருந்தாக நீட்டும்போதுதான் எனக்குச் சினம் எழுகிறது.

பௌத்தத்தையே எடுத்துக்கொள்வோம். எண்வகை நெறியில் நற்கடைப்பிடி ஏழாவதாக நிற்கிறது. அதற்கு முன்னரே, ஐந்தாவதாக, நல்வாழ்க்கை வந்துவிடுகிறது: பிறரை வருத்தாத பிழைப்பு. ஐந்தாவதைத் தாண்டி ஏழாவதை மட்டும் விலைக்கு வாங்கிவருகின்றன நம் நிர்வாகங்கள். தம்மபத உரை சொல்லும் ஒரு கதையும் உண்டு. ஆளவி நகருக்குப் புத்தர் வந்திருந்தபோது, ஓர் ஏழை உழவன் காணாமற்போன தன் மாட்டைத் தேடி அலைந்துவிட்டுப் பசியோடு அவையை அடைந்தான். புத்தர் அவனுக்காகக் காத்திருந்தார். முதலில் அவனுக்கு உணவிடச் செய்தார். அவன் உண்டு களைப்பாறிய பின்னரே அறம் உரைத்தார். பசித்தவனின் கவனத்தைக் கோரும் உரிமை தமக்கில்லை என்பதைப் புத்தர் அறிந்திருந்தார். நம் பயிற்றுநர் அறிந்திருக்கவில்லை.

எனவே நண்பர்களே, ஒரு வேண்டுகோள். இனி எங்கேனும் 'கவனக்குறைவால் விபத்து', 'கவனக்குறைவான செவிலியர்', 'பணியில் உறங்கிய காவலர்' என்ற செய்தியைப் படிக்கும்போது, பகிர்வதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். அவர் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார்? தொடர்ந்து எத்தனையாவது இரவு அது? கடைசியாக எப்போது உண்டார்? விதி அவருக்குப் புரியும்படி சொல்லப்பட்டதா? அவரை விடுவிக்க மாற்று ஆள் இருந்தாரா? இல்லையெனில், அந்த ஆளுக்குரிய ஊதியம் யாருக்கு மிச்சமாயிற்று? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகும் அவரே குற்றவாளி என்று தோன்றினால் சொல்லுங்கள். நானும் சேர்ந்து சொல்கிறேன்.

கடைசியாக, என் நிறுவனத்தில் அன்று என்னோடு சிரித்தவர்களுக்கு. ஒப்பந்தக் காவலாளர்களின் பணிநேரப் பதிவேட்டை வெளியிட வேண்டும், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் எவரையும் வாயிலில் நிறுத்தக்கூடாது, மாற்று ஆள் வராத நாளின் உறக்கத்துக்குக் கூலி பிடிக்கக்கூடாது என்று மூன்று கோரிக்கைகளை எழுதி நிர்வாகத்துக்குக் கொடுக்க இருக்கிறேன். கடிதம் நூலகத்தின் மூன்றாம் தளத்தில், வழக்கமாக நான் அமரும் மேசையில் இருக்கிறது. இதுவரை பதினொரு கையொப்பங்கள். அந்த அரங்கில் அன்று நாம் அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தோம். அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் முழுக்கவனத்தோடு இருங்கள்.